பல வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்களுக்கு

"இத்தனை வருஷம் போகாம இருந்துட்டு, இப்ப எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது?"

தவக்காலம் தொடங்கியதும் கத்தோலிக்கப் பங்குக் கோவில்களில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். கேட்கிறவர் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர். கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்தது, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற்றது, தன் கல்யாணத்துக்கு முந்தின நாள். இப்போது பிள்ளைக்குப் புதுநன்மை (முதல்முறை நற்கருணை வாங்குவது) வருகிறது. பிள்ளையோடு தானும் நன்மை வாங்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது, கால்தான் நகரவில்லை. பெரியவர்களை ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்தின் இன்றைய பெயர்) ஆயத்தம் செய்யும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தயக்கம் நன்றாகப் பழக்கம். அவர்கள் கற்றுக்கொண்டவற்றின் தொகுப்பு இது.

அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. முதலில் நான் ஒழுங்காக வேண்டும், அதன்பிறகே கடவுள் முன்னால் போய் நிற்க முடியும் என்ற கணக்கு. பாவசங்கீர்த்தனத்தில் நேரும் பிசகுகள் ஏறக்குறைய எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் ஊதாரி மகன் வீட்டுக்குக் கிளம்புமுன் அப்பாவிடம் சொல்ல மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்கிறான். கடவுளுக்கும் உமக்கும் எதிராகப் பாவம் செய்தேன். உம் மகன் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி எனக்கில்லை. கூலியாட்களில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்தபின் அவன் பேசியதை 21-ஆம் வசனத்தில் தேடிப் பாருங்கள். முதல் இரண்டு வாக்கியம் இருக்கும், மூன்றாவது இருக்காது. கூலியைப் பற்றி அவன் வாய் திறக்குமுன் அப்பா வேலைக்காரர்களை அழைத்து, துணி கொண்டு வாருங்கள், மோதிரம் கொண்டு வாருங்கள் என்று ஆரம்பித்துவிடுகிறார். அவன் தொலைவில் வரும்போதே கண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதும் அவன் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால்தான். போகலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வந்ததே, அதுவும் அப்படி முந்திக்கொண்டு வந்த அருள்தான் என்பது திருச்சபையின் போதனை. அருளைப் பெற மனிதன் ஆயத்தமாவதே அருளின் வேலை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2001-ஆம் பத்தியில் சொல்கிறது.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்க் கத்தோலிக்கர் முன்பு 'வரப்பிரசாதம்' என்றார்கள், இப்போது 'அருள்' என்கிறார்கள். சீர்திருத்த சபையார் 'கிருபை' என்பார்கள். பாட்டிமார் சொன்ன பழைய மங்கள வார்த்தை செபத்தில் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று வரும். பிரியதத்தம் என்றால் பிரியத்தினால் கொடுக்கப்பட்டது. அந்தச் சொல் வழக்கொழிந்தது இழப்புதான்; விலை, கூலி, கைம்மாறு எதற்கும் அதில் இடமில்லை. 'இரக்கம்' அதற்கு அடுத்தபடி. தகுதி இல்லாதவனுக்குக் கொடுப்பது அருள் என்றால், காயப்பட்டுக் கிடப்பவனைப் பார்த்து உருகுவது இரக்கம். எபிரேயத்தில் இரக்கத்துக்கு வழங்கும் 'ரஹமீம்' என்ற சொல் கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வேர் கொண்டது. 'பெத்த வயிறு பத்தி எரியுது' என்று பேசும் தமிழருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. 51-ஆம் திருப்பாடல் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் தொடங்குகிறது. ஆயத்தத்துக்கு அதைவிட நல்ல செபம் கிடையாது. முதல் நாள் இரவு ஒருமுறை நிதானமாகப் படித்தால் போதும்.

இனி நடைமுறை.

பழைய ஞானோபதேசப் பாடத்தில் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (செய்த பாவத்துக்காக மனம் வருந்துவது), இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் பாவங்களைச் சொல்வது, அவர் கட்டளையிடும் அபராதத்தை (ஒரு செபமோ நற்செயலோ) தீர்ப்பது. வரிசை இன்றும் அதேதான். பெரும்பாலானோர் முதலாவதிலும் நான்காவதிலும் தங்கள் பலத்தை எல்லாம் செலவழித்துவிட்டு, இரண்டாவதை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். மனஸ்தாபம் இல்லாத பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயன் இல்லை.

ஆத்தும சோதனைக்கு அரை மணி நேரம் போதும். பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, வாழ்க்கையைக் காலக்கட்டங்களாகப் பிரித்துப் பாருங்கள். படித்த காலம், வேலைக்குப் போன காலம், கல்யாணத்துக்குப் பின், வெளியூர் அல்லது வெளிநாட்டில் இருந்த காலம் என்று பிரித்தால் மறதி குறையும். உங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி சிறு சிறு சொற்களாக ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். கைப்பேசியில் எழுதாதீர்கள். வீட்டில் வேறு யாராவது திறந்து பார்க்கவும் கூடும், வேறெங்காவது சேமிக்கப்படவும் கூடும். தாளை முடிந்த கையோடு கிழித்துப் போட்டுவிடலாம்.

எதைச் சொல்லியே ஆக வேண்டும்? சாவான பாவங்களை. ஒரு பாவம் சாவானதாக மூன்று நிபந்தனைகள் சேர்ந்திருக்க வேண்டும்: விஷயம் கனமானது, கனமானது என்று தெரிந்திருந்தது, தெரிந்தே முழு மனதோடு செய்தது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. அற்பப் பாவங்களைச் சொல்வது நல்லது, கட்டாயம் கிடையாது. சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 988-ஆம் எண். 'எண்ணிக்கை' என்றதும் பலர் மிரண்டுபோகிறார்கள். பதினைந்து வருடத்துக்கு யாரிடமும் துல்லியக் கணக்கு இருக்காது, அதை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. 'பத்து வருடமாக ஞாயிறு பூசைக்கு அநேகமாகப் போகவில்லை, கிறிஸ்துமஸ், ஈஸ்டருக்கு மட்டும் போனேன்' என்றால் வகையும் எண்ணிக்கையும் அதிலேயே வந்துவிட்டது. 'மாசத்துக்கு ஒரு தடவை மாதிரி, மூன்று வருடம்' என்பதும் போதுமானதே.

வகை என்று சொல்லும்போது மழுப்பக்கூடாது. 'கற்புக்கு எதிராகப் பாவம் செய்தேன்' என்பது எதையும் சொல்லாத வாக்கியம். குரு திரும்பக் கேட்பார், உங்களுக்குக் கூச்சம் இரட்டிப்பாகும். 'திருமணமானவன், இன்னொருவரோடு தொடர்பு இருந்தது, முடிந்துவிட்டது' என்றால் அதோடு விஷயம் தீர்ந்தது. ஆள் பேர், இடம், எப்படி நடந்தது எதுவும் வேண்டாம். பாவத்தின் தன்மையை மாற்றும் சூழ்நிலையை மட்டும் சொல்லுங்கள். திருடியது கோவில் உண்டியலிலிருந்தா, அடித்தது பெற்ற தாயையா என்பது போன்றவை அவை. மற்ற கதையெல்லாம் தேவையில்லை.

மாமியார் என்ன செய்தார், கணவர் எப்படிக் குடிக்கிறார், பங்காளி எப்படி நிலத்தை அபகரித்தார் என்று பத்து நிமிடம் பேசிவிட்டுத் தன் பாவம் ஒன்றையும் சொல்லாமல் எழுந்து போவது மிகப் பரவலான பிசகு. அந்தத் துயரம் உண்மையானதுதான், கேட்க ஓர் ஆள் வேண்டும்தான். அதற்குப் பங்குத்தந்தையைத் தனியாக வேறு நேரம் கேட்டுச் சந்தியுங்கள். தன்னை நியாயப்படுத்திக்கொண்டு வரும் வாக்கியத்தை மன்னிக்க முடியாது, ஏனென்றால் அதில் மன்னிப்பு கேட்கப்படவே இல்லை. லூக்கா 18-இல் ஆலயத்தில் நின்ற பரிசேயன் தன் நோன்பையும் பத்தில் ஒரு பங்கையும் அடுக்குகிறான். வரிதண்டுபவன் பாவியாகிய என்மேல் இரங்கும் என்ற ஒரே வரியோடு நிற்கிறான். நீதிமானாக வீட்டுக்குப் போனவன் அந்த ஒரு வரிக்காரன்.

எங்கே போவது என்பதில் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. சொந்தப் பங்கிலேயே செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை. தெரிந்த சாமியாரிடம் கூச்சமாக இருந்தால் பக்கத்துப் பங்குக்கோ, ஒரு திருத்தலத்துக்கோ போகலாம். வேளாங்கண்ணி போன்ற இடங்களில் முகம் தெரியாத குருவிடம் செய்வது பலருக்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா நெரிசலில் பதினைந்து வருடத்துப் பாவசங்கீர்த்தனத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். சாதாரண வார நாளில் போங்கள். ஞாயிறு பூசைக்குப் பத்து நிமிடம் முன்னால் வரிசையில் நிற்பதும் அப்படித்தான். குருவும் அவசரத்தில் இருப்பார், பின்னால் நிற்பவர்களும் நெளிவார்கள். அலுவலகத்தில் போன் செய்து, 'ரொம்ப வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், கொஞ்சம் நேரம் வேண்டும்' என்று கேட்டால் நேரம் கொடுப்பார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் (குரு அமரும் மரக்கூண்டின்) கம்பி வலைக்குப் பின்னால் முகம் தெரியாமல் செய்வதா, நேருக்கு நேர் அமர்ந்தா என்பது உங்கள் விருப்பம். எந்த மொழியிலும் செய்யலாம். காது கேளாதவர், வாய் பேச இயலாதவர் எழுதிக் கொடுக்கலாம். தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் மட்டும் முடியாது, குருவும் நீங்களும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும்.

உள்ளே போனதும் சிலுவை அடையாளம். பிறகு, 'என்னை ஆசீர்வதியுங்கள் ஃபாதர், நான் பாவசங்கீர்த்தனம் செய்து சுமார் பதினைந்து வருடம் ஆகிறது. எப்படிச் செய்வது என்பது மறந்துவிட்டது, உதவி செய்யுங்கள்.' இந்த ஒரு வாக்கியம் பாதிச் சுமையை இறக்கிவிடும். குரு ஒவ்வொன்றாகக் கேட்டு நடத்திக்கொண்டு போவார். கனமானதை முதலில் சொல்லுங்கள். கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று சில்லறையிலிருந்து தொடங்கி, பெரியதைக் கடைசியில் முணுமுணுத்துவிட்டு எழலாம் என்று நினைத்தால், கடைசி நொடியில் தைரியம் போய்விடும். சொல்ல நா எழவில்லை என்றால் அதையே சொல்லிவிடுங்கள்: 'ஒரு பாவம் இருக்கிறது ஃபாதர், சொல்ல வெட்கமாக இருக்கிறது.' அனுபவமுள்ள குரு இரண்டு மூன்று கேள்வியில் அதைச் சுலபமாக்கிவிடுவார்.

வேண்டுமென்றே ஒரு சாவான பாவத்தை மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாது. அதில் சொன்ன மற்றவையும் மன்னிக்கப்படாமல் நிற்கும். இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. அடுத்த முறை, 'போன தடவை ஒன்றை மறைத்துவிட்டேன்' என்று தொடங்கி, அதையும், செல்லாமல் போன பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன கனமான பாவங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறந்துபோனது வேறு விஷயம். உண்மையாகவே மறந்த பாவம் மற்றவற்றோடு மன்னிக்கப்பட்டுவிட்டது. பிறகு நினைவுக்கு வந்தால் அடுத்த முறை குறிப்பிட்டால் போதும். அதற்காக ஓடோடித் திரும்பி வர வேண்டாம், அதுவரை நன்மை வாங்காமல் இருக்கவும் வேண்டாம்.

மனஸ்தாபம் பற்றி. உத்தம மனஸ்தாபம் கடவுள் மேலுள்ள நேசத்தால் வருவது, அற்ப மனஸ்தாபம் நரக பயத்தாலோ பாவத்தின் அசிங்கத்தாலோ வருவது. பாவசங்கீர்த்தனத்துக்கு இரண்டாவது இருந்தாலே போதும் என்று ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் 1551-இல் போதித்தது. அழுகை வரவில்லை, அதனால் மனஸ்தாபம் இல்லை என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். மனஸ்தாபம் மனத்தின் முடிவு. கண்ணீர் உடலின் காரியம். பழைய உத்தம மனஸ்தாப மந்திரத்தில் 'எனக்குப் பலம் போதாமையால்' என்று ஓர் இடம் வரும். இனிச் செய்வதில்லை என்று கெட்டியாகப் பிரதிக்கினை செய்த அடுத்த மூச்சிலேயே, எனக்குப் பலம் போதாது, இயேசுநாதர் சிந்தின இரத்தத்தைப் பார்த்துத்தான் கேட்கிறேன் என்று செபம் திரும்புகிறது. மனப்பாடமாகச் சொல்லும்போது அந்த இடத்தில் ஒரு நொடி நில்லுங்கள். நாளைக்கே மறுபடி விழுந்துவிடுவேனோ என்ற பயம் பிரதிக்கினையைப் பொய்யாக்காது. இப்போது விட மனம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விழமாட்டேன் என்று எதிர்காலத்துக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் விழ வைக்கும் வழியைத் திறந்தே வைத்துக்கொண்டு வந்தால், அந்தத் தொலைபேசி எண்ணை அழிக்க மனமில்லாமல் வந்தால், பிரதிக்கினை அரைகுறைதான்.

பிறகு குரு கைநீட்டி மன்னிப்பின் வார்த்தைகளைச் சொல்கிறார். 1973-இல் வெளியான ஒப்புரவுச் சடங்குமுறையில் அந்த மன்னிப்புச் செபம் கடவுளை இரக்கத்தின் தந்தை என்று அழைத்துத் தொடங்குகிறது. மகனின் இறப்பாலும் உயிர்ப்பாலும் உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று, அவர் செய்ததை மட்டுமே பேசுகிறது. நீங்கள் எவ்வளவு நன்றாகப் பாவசங்கீர்த்தனம் செய்தீர்கள் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த நேரத்தில் பதற்றத்தோடு மனஸ்தாப மந்திரத்தை வேகமாக ஒப்பித்துக்கொண்டிருக்காமல், காதுகொடுத்துக் கேளுங்கள்.

அபராதம்

மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம், ஒரு திருப்பாடல், ஒரு நோயாளியைப் போய்ப் பார்ப்பது என்று சிறிய அபராதம் கிடைத்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு இவ்வளவுதானா? நம் ஊரில் 'பரிகாரம்' என்ற சொல்லுக்கு ஜாதகக் கட்டத்தின் வாசனை உண்டு. தோஷத்துக்கு ஏற்ற பரிகாரம், தோஷம் பெரிதானால் செலவும் பெரிது. நேர்த்திக்கடன் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. மொட்டை, நடைப்பயணம், மெழுகுதிரி எல்லாம் நன்றியாகச் செய்தால் அழகானவை. மன்னிப்பை வாங்கும் விலையாகச் செய்தால் அது அப்பாவிடம் கூலிக்குப் பேரம் பேசுவதுதான். மத்தேயு 18-இல் ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் அன்றைய ஒருநாள் கூலி. மொத்தம் 6 கோடி நாள் உழைப்பு. ஒருநாள்கூட ஓய்வில்லாமல் வேலை செய்தாலும் 1,64,000 வருடத்துக்கு மேல் ஆகும். அவனோ, பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறேன் என்கிறான். ராஜா தவணை கொடுக்கவில்லை, கடனையே விட்டுவிட்டார். அபராதம் அந்தக் கடனின் தவணை என்று நினைக்கவே வேண்டாம். மன்னிப்புக்குப் பிறகும் பாவம் விட்டுச்சென்ற தழும்பும் கெட்ட பழக்கமும் மிச்சம் இருக்கின்றன. அபராதம் அவற்றுக்கான மருந்து. கோவிலை விட்டு வெளியேறுமுன் முடித்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் மறந்துபோகும். உங்களால் செய்ய முடியாத அபராதம் என்றால் அங்கேயே சொல்லி மாற்றிக் கேட்கலாம்.

அபராதத்தோடு குழப்பிக்கொள்ளக்கூடாத ஒன்று உண்டு. திருடியதைத் திருப்பிக் கொடுப்பது, கெடுத்த பேரைச் சரிசெய்வது. மூன்று அருள் நிறைந்த மரியேயோடு இது தீராது. பணத்தை யார் கொடுத்தது என்று தெரியாமல் அனுப்பிவைக்கலாம். உரியவர் இறந்துவிட்டால் வாரிசுகளுக்குச் சேர வேண்டும். யாரையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஏழைகளுக்கு. ஒரு பெண்ணைப் பற்றி இல்லாததைப் பரப்பியிருந்தால், எந்த எந்த வீட்டில் சொன்னோமோ அங்கே போய், நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். கொடுக்கவே வழியில்லாதவர் குருவிடம் நிலைமையைச் சொல்லட்டும்; முடியாததைத் திருச்சபை கேட்பதில்லை.

அதே மத்தேயு 18-இல் விடுதலையான அந்த மனிதன் வெளியே போய், தனக்கு 100 தெனாரியம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஏறக்குறைய மூன்று மாதக் கூலி, சின்னத் தொகை இல்லை. உங்களுக்கு ஒருவர் செய்த அநியாயம் சின்னது என்று இயேசு சொல்லவில்லை. 6 கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை, இதை வைத்துப் பெண்களை நெருக்குவது நடக்கிறது. மன்னிப்பது என்பது பழிவாங்கும் உரிமையைக் கைவிடுவது. அடிக்கும் கணவனிடம் திரும்பிப் போவதோ, போலீஸ் புகாரை வாபஸ் வாங்குவதோ, பிள்ளைக்குத் தீங்கு செய்த உறவினரை மறுபடி வீட்டுக்குள் விடுவதோ அதில் சேராது. மனம் இன்னும் கொதிக்கிறது என்றால், மன்னிக்க மனம் வேண்டும் என்று கேட்பதோடு தொடங்கலாம். அதையும் பாவசங்கீர்த்தனத்தில் அப்படியே சொல்லலாம்.

நிம்மதி வராதபோது

எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் மனம் லேசாகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சிலருக்கு ஆகிறது, சிலருக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. அருள் உணர்ச்சியின் அளவுகோலுக்குள் வருவதில்லை. 1431-இல் பிரான்சின் ரூவான் நகரில் நடந்த மதவிசாரணையில், நீ தேவ அருளில் இருக்கிறாயா என்று பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கிடம் கேட்டார்கள். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் சிக்க வைக்கும் கேள்வி. இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்க்கட்டும், இருக்கிறேன் என்றால் அதிலேயே காக்கட்டும் என்றாள், அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது இருக்கலாம். ஒன்றும் தோன்றாமல் வெளியே வருகிறவருக்கு அந்த ஒரு வரிச் செபம் போதும்.

வேறொரு துன்பம் இதைவிடக் கடினமானது. சரியாகச் சொன்னேனா, எதையாவது விட்டேனா, மனஸ்தாபம் போதுமா என்று மறுபடி மறுபடி வந்துகொண்டே இருப்பார்கள். பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மொன்செராட் மடத்தில் தன் வாழ்நாள் பாவங்களை எழுதிவைத்து மூன்று நாள் பாவசங்கீர்த்தனம் செய்தார். அப்படியும் அடுத்து மன்ரேசா என்ற ஊரில் இருந்த மாதங்களில் எதையோ விட்டுவிட்டேன் என்ற அரிப்பு அவரை உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை தள்ளியது. தெளிவானவற்றைத் தவிரப் பழையதைச் சொல்லாதே என்று அவருடைய குரு சொன்னபோதும் பயனில்லை, அவருக்கு எல்லாமே தெளிவாகத் தோன்றின. கடைசியில், கடந்தகாலப் பாவங்களை இனிச் சொல்வதே இல்லை என்று முடிவெடுத்து விடுபட்டார். பட்டியலின் முழுமையில் நம்பிக்கை வைத்தால் எந்தப் பட்டியலும் முழுமையாகாது. இந்தத் துன்பம் உள்ளவர்களுக்கு நடைமுறை யோசனை இது: ஒரே குருவிடம் மட்டும் போங்கள், மாதம் ஒருமுறை என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள், இடையில் போகாதீர்கள், மன்னிக்கப்பட்டதைத் திரும்பச் சொல்லாதீர்கள், சந்தேகமாக இருப்பதைச் சொல்ல வேண்டாம் என்று குரு சொன்னால் அப்படியே கேளுங்கள். கை கழுவுவது, பூட்டைச் சரிபார்ப்பது போன்ற மற்ற காரியங்களிலும் இதே அரிப்பு இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவும் கடவுள் தரும் உதவிதான்.

சில சிக்கல்கள் தனியாகப் பேச வேண்டியவை. கருக்கலைப்பைச் சொன்னால் ஆயர்தான் மன்னிக்க முடியும் என்று பழைய தலைமுறை நம்புகிறது. 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் அந்த அதிகாரத்தை நிலையாக வழங்கிவிட்டார். எந்தப் பெண்ணும் இதற்காக ஒதுங்கி நிற்க வேண்டாம், அதற்குக் காரணமாயிருந்த ஆண்களும் வரட்டும். கோவிலில் கல்யாணம் ஆகாமல் பதிவுத் திருமணம் மட்டும் செய்தவர்கள், மணமுறிவுக்குப்பின் மறுமணம் செய்தவர்கள் வரிசையில் நின்று மூன்று நிமிடத்தில் தீர்க்க முயல வேண்டாம். முதலில் பங்குத்தந்தையிடம் தனியாகப் பேசுங்கள். பல திருமணங்களை ஒழுங்குபடுத்த வழி இருக்கிறது, அது நினைப்பதைவிட எளிதாகவும் இருக்கக்கூடும்.

இரகசியத்தைப் பற்றிய பயம் வேண்டாம். பாவசங்கீர்த்தன இரகசியத்தை நேரடியாக உடைக்கும் குரு, உடைத்த அந்த நொடியே திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார். அதை நீக்கும் அதிகாரம் உரோமைக்கு மட்டுமே. அந்தக் கட்டு குருவுக்குத்தான், உங்களுக்கு இல்லை. அந்த நேரத்தில் ஒரு குரு தகாத முறையில் பேசினாலோ நடந்தாலோ அது திருச்சபைச் சட்டத்திலேயே கடும் குற்றம். உடனே எழுந்து வந்து மறைமாவட்டத்தில் புகார் கொடுங்கள், காவல்துறைக்குப் போவதற்கும் தடையில்லை. அப்படி நடந்த ஒருவரிடம் 'பாவசங்கீர்த்தனத்தில் நடந்ததை வெளியே சொல்லாதே' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கலப்புக் குடும்பங்களில் சி.எஸ்.ஐ. அல்லது லுத்தரன் சபையைச் சேர்ந்த மருமகளோ மருமகனோ, கடவுளிடம் நேராகக் கேட்டால் போதாதா, கிருபை இலவசம்தானே என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, சண்டைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். எபேசியர் 2:8-ஐ 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்' என்று அவர்கள் மனப்பாடமாகச் சொல்வதற்கு நாமும் ஆமென் சொல்கிறோம். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து கையெழுத்திட்ட அறிக்கையில், நம் தகுதியால் அன்றி அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று ஒருமித்து அறிவித்திருக்கின்றன. லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்திலேயே பாவ அறிக்கைக்கும் மன்னிப்புக்கும் ஒரு பகுதி இருக்கிறது. இலவசமானதை ஒருவர் வாயிலிருந்து உங்கள் காதால் கேட்கும்படி கொடுக்க இயேசு விரும்பினார் என்பதே கத்தோலிக்கரின் பதில். எவர் பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று அவர் சீடர்களிடம் சொல்லும் யோவான் 20:23 அந்த இடம்.

கடைசியாக, வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்கள். 'சாமியாரைக் கூப்பிட்டால் அப்பா பயந்துவிடுவார்' என்று தள்ளிப்போட்டு, நினைவு தப்பியபிறகு ஆளனுப்புவது நம் வீடுகளில் ஓயாமல் நடக்கும் தவறு. பேச முடிகிறபோதே கூப்பிடுங்கள். பெரியவரிடம், 'சாமி நன்மை கொண்டுவர்றாங்கப்பா, பாவசங்கீர்த்தனமும் செஞ்சிக்கிடலாம்' என்று முந்தின நாளே சொல்லுங்கள், பெரும்பாலும் அவர்கள் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேஜை, அதன்மேல் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு தொங்கும் சிலுவை), ஒரு மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணீர். டிவியை அணைத்துவிடுங்கள். காது மந்தமானவர் சத்தமாகப் பேசுவார், ஆகவே எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். மகளே ஆனாலும் உள்ளே நிற்க வேண்டாம். பேச்சு குழறினால் குரு கேள்வியாகக் கேட்பார், தலையசைத்தாலே போதும், கையை அழுத்தினாலும் போதும். நினைவே இல்லாவிட்டாலும் அழைக்கத் தயங்காதீர்கள். முன்பு வேண்டுமென்று விரும்பியிருப்பார் என்ற நம்பிக்கையில் மன்னிப்பும், எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலும் கொடுப்பார்கள். குரு கதவைத் திறந்து கூப்பிட்டதும் குடும்பமாக உள்ளே போய், கட்டிலைச் சுற்றி நின்று, கர்த்தர் கற்பித்த செபத்தை அப்பாவுக்குக் கேட்கும்படி மெதுவாகச் சொல்லுங்கள்.